இன்னொருத்தரையும் கேட்டுடலாமே!

ஒரே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேட்பார்கள்.

உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். அப்பாவோ மாமாவோ 'லேசா மூச்சு வாங்குது' என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். முதலில் ஈ.சி.ஜி. பிறகு எக்கோ. அப்புறம் ஆஞ்சியோகிராம். வெளியே வரிசையாகப் போட்டிருக்கும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். கதவு திறக்கும். பச்சை உடையில் டாக்டர் வருவார். 'மூணு அடைப்பு இருக்கு. நாளைக்கே பைபாஸ் பண்ணிடலாம். லேட் பண்ணாதீங்க' என்பார். பின்னாலேயே ஒரு நர்ஸ், கையில் ஃபாரத்தோடு. பேனாவையும் அவர்களே கொடுத்துவிடுவார்கள்.

செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் வாங்குவதற்கு நாலு மெக்கானிக்கைக் கேட்கிற ஆள் நாம். பெண்ணுக்கு வரன் பார்த்தால் ஏழு தெரு தள்ளிப் போய் விசாரிப்போம். ஆனால், நெஞ்சைப் பிளந்து செய்கிற ஆபரேஷனுக்கு? பத்து நிமிடம். 'நீங்க சொன்னா சரிங்க டாக்டர்.' முடிந்தது விஷயம்.

தப்பில்லை. பயம் அப்படிப்பட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் 'இன்னொருத்தரையும் கேட்டுட்டு வரட்டுமா?' என்று கேட்பதற்கு ஒரு தனி தைரியம் வேண்டும். அப்படிக் கேட்ட ஒரு மனிதரால் ஒரு ஆஸ்பத்திரியே ஆட்டம் கண்டது. இந்த வாரம் அந்தக் கதைதான்.

*

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், வடக்கே தள்ளி ரெடிங் என்று ஓர் ஊர். தலைநகர் சாக்ரமெண்டோவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் போகவேண்டும். 2002-ல் மக்கள்தொகை எண்பதாயிரத்தைச் சுற்றி. மலை, ஏரி, மீன்பிடித்தல் என்று ஓய்வு பெற்றவர்கள் வந்து நிம்மதியாகக் குடியேறுகிற டவுன்.

அந்தச் சின்ன ஊரில் ரெடிங் மெடிக்கல் சென்டர் என்றொரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. டெனெட் ஹெல்த்கேர் என்ற பெரிய நிறுவனத்துக்குச் சொந்தம். இதய சிகிச்சையில் கொடிகட்டிப் பறந்த இடம். இதயப் பிரிவின் தலைவர், டாக்டர் சே ஹ்யுன் மூன். இதய அறுவை சிகிச்சைக்குத் தலைவர், டாக்டர் ஃபிடல் ரியால்வாஸ்கெஸ். ஊரில் இருவருக்கும் அப்படியொரு மரியாதை. 'மூன் கை வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம்' என்று நம்பினார்கள்.

2002 ஜூன் மாதம் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பாதிரியார் போனார். ஜான் கொராபி. வயது 55. டெலிவிஷனில் பிரசங்கம் செய்பவர் என்பதால் கத்தோலிக்கர்கள் மத்தியில் தெரிந்த முகம். டாக்டர் மூன் பரிசோதித்தார். ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி இதயத்தைப் படம் பிடித்தார். தீர்ப்பு சொன்னார். மூன்று இடத்தில் பைபாஸ். தள்ளிப்போடக் கூடாது.

பாதிரியாருக்கு ஆடிப்போய்விட்டது. யாருக்குத்தான் ஆடாது?

ஆனால், அவர் அங்கேயே படுத்துவிடவில்லை. லாஸ் வேகாஸ் நகரில் அவருக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் உண்டு. ஜோ ஸெர்கா. தொழில், ஆடிட்டர். (பி.காம். படித்துவிட்டுப் பேனா பிடிக்க வந்தவன் நான். கதையில் ஆடிட்டர் வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். மன்னிக்கவும்.) கொராபி அந்த ஊருக்குப் போனார். அங்கிருந்த இதய டாக்டர்கள் பார்த்தார்கள். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

அடைப்பா? எங்கே? உங்கள் இதயத்துக்கு பைபாஸ் தேவையே இல்லை என்றார்கள்.

ஒருவர் சொன்னால் நம்பலாமா? இன்னும் சிலரிடம் காட்டினார். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

உங்களுக்கும் எனக்கும் இப்படி நடந்தால் என்ன செய்வோம்? கோயிலுக்கு ஒரு தேங்காய், வீட்டில் ஒரு பாயசம். 'தப்பிச்சோம்டா சாமி' என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்போம். கொராபியும் ஸெர்காவும் அப்படிச் செய்யவில்லை. 'நான் தப்பித்தேன். எனக்கு முன்னால் போனவர்கள்?' இந்தக் கேள்வி அவர்களைத் தூங்கவிடவில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் போய்ச் சொன்னார்கள். திருப்தியான பதில் இல்லை. நேராக எஃப்.பி.ஐ. கதவைத் தட்டினார்கள்.

2002 அக்டோபர் 30. காலையில் மத்திய ஏஜென்டுகள் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். ஃபைல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஊரே உறைந்து நின்றது.

இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 30. காரணம் இருக்கிறது.

*

சரியாக 44 வருடத்துக்கு முன்னால் போவோம். 1958, அதே அக்டோபர் 30. இடம், ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் கிளினிக்.

டாக்டர் மேஸன் சோன்ஸ் 26 வயது இளைஞர் ஒருவரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அந்த இளைஞருக்கு வால்வில் கோளாறு. ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மகாதமனியில் சாயத்தைப் பாய்ச்சிப் படம் எடுக்கவேண்டும். திட்டம் அவ்வளவுதான். ஆனால், குழாயின் முனை நழுவி, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கரோனரி தமனிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கவனிப்பதற்குள் சாயம் பாய்ந்துவிட்டது.

சோன்ஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கரோனரி தமனிக்குள் நேராகச் சாயம் போனால் ஆள் அவுட் என்றுதான் அன்றைய மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்தது. இளைஞரின் இதயம் சில விநாடிகள் நின்றேவிட்டது. 'இருமு, இருமு' என்றார்கள். இருமினார். இதயம் மறுபடி துடித்தது. பிழைத்துக்கொண்டார்.

ஆக, கரோனரி தமனியை நேரடியாகப் படம் எடுக்கலாம், ஆள் சாகமாட்டார்! ஒரு விபத்தில் பிறந்ததுதான் இன்று தெருவுக்குத் தெரு பேசப்படுகிற கரோனரி ஆஞ்சியோகிராம்.

படம் கிடைத்துவிட்டது. இந்த இடத்தில் அடைப்பு என்று விரல் வைத்துக் காட்டலாம். அப்புறம் என்ன? அடைத்த இடத்தைத் தாண்டி ஒரு மாற்றுப்பாதை போடவேண்டியதுதானே? அதே கிளீவ்லேண்டில், 1967 மே மாதம், அர்ஜென்டினாவிலிருந்து வந்திருந்த ரெனே ஃபவலோரோ அதைச் செய்தார். காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து இதயத்தில் ஒட்டுப் போட்டார். அவருக்கு முன்பே ஒன்றிரண்டு பேர் முயன்றது உண்டு. ஆனால், ஊர் உலகமெல்லாம் கற்றுக்கொண்டு செய்யும்படியான முறையாக அதை ஆக்கியவர் ஃபவலோரோதான். பைபாஸ் யுகம் பிறந்தது.

அதில் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை பைபாஸுக்கு எதிரான கட்டுரை இல்லை.

ஆனால், இதய ஆபரேஷனுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அதை டாக்டர்கள் கொஞ்சம் மெதுவான குரலில்தான் சொல்வார்கள்.

*

1950-களின் கடைசி. பைபாஸ் இன்னும் வரவில்லை. நெஞ்சுவலிக்காரர்களுக்கு ஒரு சுலபமான ஆபரேஷன் பிரபலமாக இருந்தது. மார்புக்குள் ஓடும் ஒரு தமனியைக் கட்டிவிடுவது. அந்தப் பக்கம் வழி அடைபட்டால் ரத்தம் இதயத்தின் பக்கம் திரும்பும் என்பது தியரி. இத்தாலியில் பிறந்த யோசனை. நோயாளிகள் 'அற்புதம் டாக்டர், வலியே இல்லை' என்றார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன.

சியாட்டில் நகரில் லெனார்ட் காப் என்ற டாக்டருக்கு மட்டும் ஒரு சந்தேகம். 17 நோயாளிகளை எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நிஜமாகவே தமனியைக் கட்டினார்கள். மீதிப் பேருக்குத் தோலைக் கீறி, ஒன்றும் செய்யாமல், தையல் போட்டு மூடிவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னால் பரிசோதித்த டாக்டருக்கும் தெரியாது.

1959-ல் முடிவு வெளிவந்தது. நிஜ ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி குறைந்திருந்தது. பொய் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அதே அளவுக்குக் குறைந்திருந்தது!

அடுத்த வருடம் கான்ஸாஸில் இன்னொரு குழு இதேபோல் செய்து பார்த்தது. அதே கதை. அந்த ஆபரேஷன் சத்தமில்லாமல் வழக்கொழிந்து போனது.

(நோயாளியிடம் முழு உண்மையைச் சொல்லாமல் கத்தி வைத்தது நியாயமா? இன்றைக்கு அப்படிச் செய்யவே முடியாது. அது தனி விவாதம்.)

இதிலிருந்து தெரிவது என்ன? அந்த ஆபரேஷனைச் செய்த டாக்டர்கள் யாரும் திருடர்கள் இல்லை. மனப்பூர்வமாக நம்பித்தான் செய்தார்கள். நோயாளிகளும் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவர்களுக்குத் தேவலையாகத்தான் இருந்தது. அப்படியும் எல்லோரும் சேர்ந்து தவறாக இருந்தார்கள். ஒரு டாக்டர் நேர்மையானவர் என்பதும், அவர் சொல்கிற ஆபரேஷன் உங்களுக்கு அவசியம் என்பதும் வேறு வேறு விஷயங்கள். நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அதனால்தான் 'இன்னொருத்தரைக் கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோ' என்று பயப்படுகிறோம்.

*

பைபாஸ் வந்த பிறகாவது குழப்பம் தீர்ந்ததா? இல்லை. வேகம் பிடித்தது. யாருக்கு நிஜமாகவே தேவை என்று ஆராய்ச்சி செய்து முடிப்பதற்குள் ஆபரேஷன் தியேட்டர்கள் நிரம்பிவிட்டன.

1970-களில் அமெரிக்கா முழுவதும் 'தேவையில்லாத ஆபரேஷன்' என்ற பேச்சு கிளம்பியது. இதயம் மட்டுமில்லை. டான்சில், கர்ப்பப்பை என்று எல்லாமே. அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று 1976-ல் ஒரு கணக்குச் சொன்னது. 1974-ல் மட்டும் 24 லட்சம் தேவையற்ற ஆபரேஷன்கள். அவற்றால் 11,900 சாவுகள். டாக்டர்கள் சங்கம் கொதித்தது. கணக்கே தப்பு என்றது. ஆனால், சாமானியர்களின் மனத்தில் ஒரு வார்த்தை பதிந்துவிட்டது. செகண்ட் ஒப்பீனியன். 'கத்தி வைப்பதற்கு முன் இன்னொரு டாக்டரைக் கேள்' என்று தொழிற்சங்கங்களும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும்கூடச் சொல்ல ஆரம்பித்தன.

இந்த நேரத்தில் பாஸ்டன் நகரில் ஒரு டாக்டர் வித்தியாசமாக நடந்துகொண்டிருந்தார். பெர்னார்ட் லவுன். லிதுவேனியாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். சினிமாவில் பார்த்திருப்பீர்களே, நெஞ்சில் இரண்டு தட்டை வைத்து 'டப்' என்று ஷாக் கொடுப்பார்கள். அந்த டிஃபிப்ரிலேட்டரை இன்றைய நம்பகமான வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். அணு ஆயுதத்துக்கு எதிராக அவர் சேர்ந்து தொடங்கிய டாக்டர்கள் இயக்கத்துக்கு 1985-ல் அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. ஆக, லேசுப்பட்ட ஆள் இல்லை.

லவுனிடம் நோயாளிகள் செகண்ட் ஒப்பீனியனுக்கு வருவார்கள். அவர் முதலில் படத்தைப் பார்க்கமாட்டார். ஆளைப் பார்ப்பார். எத்தனை படி ஏறினால் வலிக்கிறது, ஆறு மாதமாக அதிகமாகிறதா குறைகிறதா, வீட்டில் ஏதாவது கவலையா என்று மணிக்கணக்கில் கேட்பார். நிறையப் பேரிடம், 'மாத்திரையிலேயே சமாளிக்கலாம், ஆபரேஷன் இப்போது வேண்டாம்' என்று சொல்லி அனுப்பினார். சக டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அவருடைய குழு சும்மா வாயால் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கணக்கு வைத்தது. 1987-ல் வெளிவந்த கட்டுரையின்படி, பைபாஸ் அவசியம் என்று சொல்லப்பட்டு இரண்டாவது கருத்துக்கு வந்தவர்கள் 88 பேர். அதில் 74 பேருக்கு அது தேவையில்லை என்றது குழு. 1992-ல் இன்னொரு கட்டுரை. ஆஞ்சியோகிராம் செய்யச் சொல்லப்பட்டு வந்தவர்கள் 168 பேர். ஐந்தில் நான்கு பேருக்கு அப்போதைக்கு அதுவே வேண்டாம் என்றார்கள். வருடக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். இறப்பு விகிதம் வருடத்துக்குச் சுமார் 1.1 சதவிகிதம்தான்.

பெரிய அளவில் நடந்த ஆராய்ச்சிகளும் பிறகு இந்தப் பக்கமே சாய்ந்தன. 1983-ல் 780 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு. லேசான, நிலையான நெஞ்சுவலிக்காரர்கள். ஐந்து வருடம் கழித்து பைபாஸ் செய்துகொண்டவர்களில் 95 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 92 சதவிகிதம் பேர். பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டென்ட் வந்த பிறகு, 2007-ல் வெளியான 'கரேஜ்' ஆய்வில் 2,287 பேர். 2020-ல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில் 5,179 பேர். இரண்டிலும் சாராம்சம் ஒன்றே. நிலையான நோய் உள்ளவர்களுக்கு, நல்ல மருந்தோடு ஆரம்பித்தாலும் உடனே ஸ்டென்ட், பைபாஸ் என்று போனாலும் உயிர் பிழைப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. நெஞ்சுவலி அதிகமிருப்பவர்களுக்குச் சிகிச்சை செய்தால் வலி நன்றாகக் குறைகிறது. அதுவும் சும்மா இல்லை. ஆனால், 'இன்றைக்கே பண்ணாவிட்டால் அவ்வளவுதான்' என்பது அவர்கள் எல்லோருக்கும் பொருந்தாது.

இங்கே ஒரு சிவப்புக் கோடு போட்டுவிடுகிறேன். மாரடைப்பு வந்து, வியர்த்துக் கொட்டி, ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருப்பவருக்கு இதெல்லாம் இல்லை. அங்கே நிமிடம்தான் உயிர். அப்போது செகண்ட் ஒப்பீனியன் கேட்பது தற்கொலைக்குச் சமம். இடது பக்கத்துப் பிரதானத் தமனியிலேயே மோசமான அடைப்பு உள்ளவர்கள், இதயத்தின் பம்ப் பலவீனமானவர்கள் போன்ற சிலருக்கு பைபாஸ் ஆயுளையே நீட்டிக்கிறது. இதையும் ஆராய்ச்சிகள்தான் சொல்லின. நான் பேசுவது, தன் காலால் நடந்து போய், நாற்காலியில் உட்கார்ந்து, 'ஆபரேஷன்' என்ற வார்த்தையைக் கேட்கிற மனிதரைப் பற்றி.

*

ரெடிங்குக்குத் திரும்புவோம்.

கோர்ட்டில் எஃப்.பி.ஐ. தாக்கல் செய்த வாக்குமூலத்தில் ஒரு வரி நாட்டையே உலுக்கியது. அங்கே இதய ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 25 முதல் 50 சதவிகிதம் பேருக்கு அது தேவைப்படாமலே இருந்திருக்கலாம்! பைபாஸ் செய்த காயத்தோடு தெருவில் நடந்துகொண்டிருந்த ஒவ்வொருவரும் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு நிஜமாகவே தேவைப்பட்டதா? திறந்த நெஞ்சை மூடித் தைத்த பிறகு இந்தக் கேள்விக்கு என்ன பதில்?

டெனெட்டின் பங்கு விலை சில வாரங்களிலேயே பாதிக்கும் கீழே போனது. (அந்தக் கம்பெனி அரசு மருத்துவக் காப்பீட்டில் அதிகப்படியாகப் பணம் வாங்கியதாக எழுந்த இன்னொரு சர்ச்சையும் அதற்குக் காரணம்.) 2003-ல் அரசாங்கத்துக்கு 5 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 2004-ல் 769 நோயாளிகளின் வழக்குகளுக்காக 39 கோடியே 50 லட்சம் டாலர். வகுத்துப் பார்த்தேன். பழக்கதோஷம். தலைக்குச் சராசரியாக ஐந்து லட்சத்துப் பதிமூன்றாயிரம் டாலருக்கு மேல். ஆஸ்பத்திரியையே விற்றுவிட்டார்கள். பெயரும் மாறியது.

டாக்டர்கள்? கடைசிவரை மறுத்தார்கள். நோயாளியின் நன்மைக்காகவே செய்தோம் என்றார்கள். அவர்கள்மேல் கிரிமினல் வழக்கு எதுவும் போடப்படவில்லை. 2005-ல் சிவில் வழக்கைச் சமரசத்தில் முடித்துக்கொண்டார்கள். இருவரும் தலா 14 லட்சம் டாலர் கட்டினார்கள். அரசுக் காப்பீட்டில் வரும் நோயாளிகளுக்கு இதய சிகிச்சை செய்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் ஏமாற்றினார்களா, நம்பிச் செய்தார்களா என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பெழுதவில்லை.

ஆனால், வணிகம் படித்தவனுக்கு இதில் ஒரு விஷயம் உறுத்தும். ஊரில் ஆபரேஷன் எண்ணிக்கை அசாதாரணமாக இருந்தது. மெடிகேர் எனும் அரசுக் காப்பீட்டின் கணக்கைப் பார்த்தால், ஆயிரம் முதியவர்களுக்கு இத்தனை பைபாஸ் என்ற விகிதத்தில் ரெடிங் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்தது. அந்த எண்கள் யார் பார்வைக்கும் மறைத்து வைக்கப்படவில்லை. உள்ளூர் டாக்டர்கள் சிலர் முன்பே முணுமுணுத்திருக்கிறார்கள். ஆனால், ஆபரேஷன் செய்தால்தான் டாக்டருக்குப் பணம். செய்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருமானம். 'வேண்டாம், வீட்டுக்குப் போங்க' என்று சொன்னால் யாருக்கும் பைசா இல்லை. எல்லாருடைய லாபமும் ஒரே திசையில் ஓடும்போது, யார் எதிர்த்திசையில் கையைக் காட்டுவார்கள்?

ஒரு பாதிரியாரும் ஓர் ஆடிட்டரும்தான் காட்டினார்கள்.

*

'அப்படின்னா ரெண்டாவது டாக்டர் எப்பவும் வேண்டாம்னுதான் சொல்லுவாரா?' என்று கேட்பீர்கள். இல்லை. அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

மைக்கேல் டிபேக்கி. இதய அறுவை சிகிச்சை உலகின் பிதாமகர்களில் ஒருவர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக்காரர். 2005-ம் வருடத்தின் கடைசி நாள். வீட்டில் இருந்தபோது அவருக்குத் திடீரென்று தாங்கமுடியாத நெஞ்சுவலி. மகாதமனியின் உட்சுவர் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலைச் சரிசெய்ய ஆபரேஷன் கண்டுபிடித்து உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்! தனக்கு என்றபோது 'வேண்டாம்' என்றார். வயது 97. பிழைத்தாலும் நடைப்பிணமாகக் கிடப்பேனோ என்ற பயம்.

வாரங்கள் ஓடின. நிலைமை மோசமானது. நினைவு தப்பியது. அவர் வேண்டாம் என்று சொன்னது ரெக்கார்டில் இருக்கிறது. மனைவி ஆபரேஷன் செய்யுங்கள் என்கிறார். மயக்க மருந்து டாக்டர்கள் கைகட்டி நிற்கிறார்கள். ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் கூடி விவாதித்தது. அங்கே தைரியமாகப் புகுந்து 'எதற்குக் காத்திருக்கிறீர்கள்?' என்று சண்டை போட்டவர் அவர் மனைவிதான். 2006 பிப்ரவரியில், அவரோடு பல்லாண்டு வேலை செய்த ஜார்ஜ் நூனின் குழு ஆபரேஷன் செய்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். அப்புறம் டிபேக்கி எழுந்தார். வேலைக்கும் திரும்பினார். செய்தது நல்லதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். 2008 ஜூலையில், நூறு வயதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் காலமானார்.

தன் நோயைப் பற்றித் தானே முடிவெடுக்கும்போது அந்தத் துறையின் மேதைக்கே இன்னொரு குரல் தேவைப்பட்டது. நீங்களும் நானும் எந்த மூலை?

*

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ரிப்போர்ட் உங்கள் சொத்து மாதிரி. நீங்கள் எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிமுறைகளிலேயே இருக்கிறது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டியலில், இரண்டாவது கருத்துக் கேட்பதும் ஓர் உரிமையாக இடம்பெற்றிருக்கிறது. ஆகவே, ஆஞ்சியோகிராம் சி.டி.யைக் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் வேறு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்யாத ஒரு இதய டாக்டரிடம். 'இது இப்பவே பண்ணணுமா? மருந்தோட மூணு மாசம் பார்க்கலாமா? பண்ணா எனக்கு ஆயுசு கூடுமா, வலி குறையுமா, ரெண்டுமா?' இந்த மூன்று கேள்விகள் போதும்.

கடைசியாகச் சொந்தக் கதை ஒன்று.

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி அக்காவிடமிருந்து போன். 'தம்பி, அத்தானுக்கு பைபாஸ்னு சொல்லிட்டாங்கடா. நாளைக்கு காலைல அட்மிஷன். நீ வந்து கையெழுத்துப் போடு.' போனேன். பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆஸ்பத்திரி. டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். 'சார், ரெண்டு நாள் டைம் கிடைக்குமா? இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு வரோம்.' அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. 'தாராளமா. ரெண்டு நாள் தாங்கும். மாடி ஏறாம பார்த்துக்கங்க' என்றார். அவரே சி.டி.யை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

இரண்டாவது டாக்டர் வயதானவர். படத்தை முக்கால் மணி நேரம் பார்த்தார். அத்தானிடம் பேசினார். அப்புறம் சொன்னார். 'அவர் சொன்னது சரிதான். பண்ணிக்கங்க.'

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா கேட்டாள். 'அப்ப இந்த அலைச்சலெல்லாம் வேஸ்ட்தானேடா?'

அத்தான்தான் பதில் சொன்னார். 'இல்லம்மா. நேத்து வரைக்கும் பயந்துக்கிட்டுப் படுக்கப்போறதா இருந்தேன். நாளைக்குத் தெரிஞ்சு படுப்பேன்.'

வருடா வருடம் ஆடிட்டர் வந்து கணக்கைப் பார்க்கிறார். அதனால் கணக்கு எழுதியவர் திருடர் என்று யாராவது அர்த்தம் செய்துகொள்கிறோமா? நாலணா வித்தியாசத்துக்கே இரண்டாவது ஜோடிக் கண்கள் வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். நெஞ்சுக்கூட்டுக்கு மட்டும் ஏன் வெட்கப்படவேண்டும்?

அத்தான் இப்போது தினம் நாலு கிலோமீட்டர் நடக்கிறார். நான்தான் நடப்பதில்லை.